செல்போன் சிக்னல் சொல்லும் சுற்றுலாக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெனிஸ் நகரின் மேற்கு விளிம்பில் திரொன்கெத்தோ என்றொரு செயற்கைத் தீவு இருக்கிறது. காரில் வருகிறவர்களில் பலர் வண்டியை அங்கே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். 2020இல் அந்தத் தீவில் மாநகராட்சி ஒரு கட்டுப்பாட்டு அறையைத் திறந்தது. இந்த நேரத்தில் நகருக்குள் எத்தனை பேர், அவர்களில் வெளிநாட்டினர் எத்தனை, எந்தெந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதெல்லாம் அங்குள்ள திரைகளில் ஓடிக்கொண்டே இருக்கும். கேமராக்களும் உணரிகளும் ஒருபுறம் இருக்க, இந்த எண்களின் முக்கிய ஊற்று டிம் என்ற இத்தாலியத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் செல்போன் வலைப்பின்னல். இதைப் பற்றிப் படிப்பவர்கள் எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. உதாரணங்கள் பெரும்பாலும் வெனிஸிலிருந்தும் எஸ்டோனியாவிலிருந்தும் வருகின்றன. வெனிஸில் சிக்கல் முற்றிப்போயிருக்கிறது. எஸ்டோனியா இந்த முறைக்குப் பிள்ளையார் சுழி போட்ட நாடுகளில் ஒன்று.

செல்போன் நிறுவனத்துக்கு நான் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது? நான் லொகேஷனை அணைத்துத்தானே வைத்திருக்கிறேன்?

அதை அணைத்தால் ஜிபிஎஸ் வழியாகச் செயலிகள் இடமறிவதுதான் நிற்கும். டவருடன் உங்கள் செல்போன் பேசிக்கொள்வது நிற்காது. அழைப்பு உங்களைத் தேடி வர வேண்டுமானால், நீங்கள் எந்த டவரின் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று வலைப்பின்னலுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அது அந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை.

நிறுவனத்திடம் சேரும் பதிவுகள் இரண்டு வகை. முதல் வகை கட்டணக் கணக்குக்காக எழுதப்படுவது: அழைத்தீர்கள், குறுஞ்செய்தி அனுப்பினீர்கள், இணையம் பயன்படுத்தினீர்கள் என்றால் நேரமும் டவர் எண்ணும் பதிவாகும். செல்போனைத் தொடாமல் இருந்தால் பதிவும் இல்லை. இரண்டாவது வகை, சட்டைப்பையில் கிடக்கும்போதே செல்போனும் டவரும் பரிமாறிக்கொள்ளும் சமிக்ஞைகள். இவை எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். ஆளின் நகர்வை இன்னும் தெளிவாகக் காட்டும். தொடக்க கால ஆய்வுகள் பெரும்பாலும் முதல் வகையை நம்பி நடந்தவை.

எவ்வளவு துல்லியமாகத் தெரியும்? நான் எந்தக் கடைக்குள் நுழைந்தேன் என்பது வரைக்குமா?

கடையெல்லாம் தெரியாது. டவர்கள் நெருக்கமாக நிற்கும் நகர மையத்தில் சில நூறு மீட்டர் வரை சொல்லலாம். ஊரைத் தாண்டினால் பிழை கிலோமீட்டர் கணக்கில் போகும். வெனிஸின் புனித மாற்கு சதுக்கத்தில் நீங்கள் தேவாலயத்துக்குள் நிற்கிறீர்களா, வெளியே புறாக்களுக்கு நடுவில் நிற்கிறீர்களா என்று டவரால் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு டவரில் நெரிசல் கூடினால் வலைப்பின்னல் சில செல்போன்களைப் பக்கத்து டவருக்குத் தள்ளிவிடும். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறவர் பத்து நிமிடத்தில் மூன்று முறை கால்வாயைக் கடந்தவராகப் பதிவாகலாம். இந்தப் பொய்யான தாவல்களைக் களைந்த பிறகே எண்களைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒருவர் வெளிநாட்டுப் பயணி என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சிம் அட்டையில் ஓர் அடையாள எண் இருக்கிறது. அதன் முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. இந்திய சிம் 404 அல்லது 405 என்று தொடங்கும், இலங்கை சிம் 413 என்று, இத்தாலி 222, எஸ்டோனியா 248. வெளிநாட்டு சிம் ஒன்று உள்ளூர் வலைப்பின்னலில் ரோமிங்கில் நுழைந்ததுமே அதன் தாய்நாடு தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது, இது சிம்மின் தாய்நாடு; ஆளின் தாய்நாடு வேறாக இருக்கலாம். ஃபிராங்பேர்ட்டில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர் வெனிஸுக்கு வந்தால் ஜெர்மானியராகவே எண்ணப்படுவார். சுற்றுலாத் துறையைப் பொறுத்தவரை அதில் தவறில்லை, அவர் வந்தது ஜெர்மனியிலிருந்துதானே. ஆனால் விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் வாங்கிக்கொள்ளும் பயணி கணக்கில் இத்தாலியராகிவிடுகிறார். இப்போது பரவிவரும் பயண இ-சிம் இன்னும் மோசம். அதை விற்பவர்கள் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் எண்ணைக் கொடுப்பதால், மதுரையிலிருந்து போனவர் மூன்றாவது நாட்டுக்காரராகத் தெரிவார். எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்ற பட்டியலை ஆண்டுக்காண்டு ஒப்பிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

உள்நாட்டுப் பயணியை? அவருடைய சிம்மும் உள்ளூர்க்காரருடைய சிம்மும் ஒன்றுதானே?

இந்தத் துறையின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பத்திரிகைச் செய்திகளோ இதைத் தொடுவதே இல்லை.

ஐ.நா.வின் சுற்றுலாப் புள்ளிவிவர வரையறைப்படி, தன் வழக்கமான சூழலுக்கு வெளியே ஓராண்டுக்குக் குறைவாகப் பயணம் செய்பவர் வருகையாளர். அங்கே வேலைக்கு அமர்ந்து சம்பளம் வாங்க வந்தவர் அதில் சேரமாட்டார். ஓரிரவாவது தங்கினால் சுற்றுலாப் பயணி, தங்காமல் திரும்பினால் பகல்நேர வருகையாளர். காகிதத்தில் படிக்கத் தெளிவாகவே இருக்கிறது. ‘வழக்கமான சூழல்’ எது என்று டவருக்கு யார் சொல்வது?

பொதுவாகச் செய்வது இது. ஒரு செல்போன் பல நாள் இரவில் எந்தப் பகுதியில் நிற்கிறதோ அதுவே வீடு. வேலை நாள்களின் பகலில் திரும்பத் திரும்ப எங்கே நிற்கிறதோ அது வேலையிடம். இவ்விரண்டுக்கும் வெளியே தென்பட்டால் வருகையாளர். வெனிஸை எடுத்துக்கொள்வோம். தீவு நகரில் குடியிருப்பவர்கள் 50,000க்கும் கீழே போய்விட்டார்கள். உணவகங்களில் பரிமாறுகிறவர், ஹோட்டல் அறை துடைப்பவர், படகில் சரக்கு இறக்குபவர் எனப் பலர், தீவை நிலப்பரப்போடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் குடியிருந்து தினமும் வந்து போகிறார்கள். மாதத்தில் இருபது நாள் வருபவரை வேலைக்காரர் என்று விதி எளிதாகக் கண்டுகொள்ளும். வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு வருபவர்? மாதம் இருமுறை மகள் வீட்டுக்கு வரும் பாட்டி? இரவுப் பணிக்காரர்? அவருக்குப் பகல்தான் இரவு. விதியோ அவருடைய வேலையிடத்தை வீடு என்று எழுதிக்கொள்ளும்.

எத்தனை நாள் வந்தால் ஊர்க்காரர், எத்தனை மணிநேரம் நின்றால் பயணி, எத்தனை நிமிடத்துக்குக் குறைந்தால் வழிப்போக்கர் என்ற எல்லைகளை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். அந்த எண்ணைச் சற்று நகர்த்தினாலும் நகரின் சுற்றுலாக் கூட்டம் ஒரே நாளில் கூடும், குறையும். தெருவில் ஓர் ஆள்கூட மாறியிருக்கமாட்டார். ‘செல்போன் தரவுப்படி இத்தனை லட்சம் பேர்’ என்ற செய்தியை நான் படித்தால் முதலில் தேடுவது அந்த விதியைத்தான். விதியைச் சொல்லாத எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு? ஹோட்டல் பதிவேட்டைக் கூட்டினால் போதாதா?

ஹோட்டல் பதிவேடு கட்டிலை எண்ணும். காலையில் ரயிலில் வந்து மாலையில் திரும்புகிறவர், சொகுசுக் கப்பலிலிருந்து சில மணிநேரம் இறங்கிச் சுற்றுகிறவர், உறவினர் வீட்டில் தங்குகிறவர் ஆகிய மூவரும் அதில் இல்லை. நெரிசலுக்குப் பெரும் காரணமாகச் சொல்லப்படுபவர்களே கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

எஸ்டோனியாவின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். அந்த நாடு 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2007 டிசம்பரில் ஷெங்கன் பகுதியிலும் சேர்ந்தது. ஷெங்கன் நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனை இல்லாமல் போனதும், யார் வந்தார் யார் போனார் என்று எழுதிவைக்கும் மேசையும் போய்விட்டது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து எஸ்டோனியத் தலைநகர் தாலினுக்குக் கப்பலில் இரண்டு மணிநேரப் பயணம்தான். ஏராளமானவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்புவார்கள். வெளிநாட்டவர் நாட்டில் செலவிடும் பணம் அந்நியச் செலாவணிக் கணக்கில் வர வேண்டும், எனவே மத்திய வங்கிக்கே இந்த எண்ணிக்கை தேவைப்பட்டது. தார்த்து பல்கலைக்கழகப் புவியியலாளர் ரெய்ன் ஆகாஸும் அவரது குழுவினரும் ரோமிங் பதிவுகளை வைத்துச் சுற்றுலாவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வட்டத்திலிருந்தே பொசிடியம் என்ற நிறுவனமும் பிறந்தது. எஸ்டோனிய மத்திய வங்கி தன் பயணப் புள்ளிவிவரத்துக்கு இந்தத் தரவைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆகாஸ் 2018இல் காலமானார்.

அந்தக் குழு 2008இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று செல்போன் கணக்கைத் தங்குமிடக் கணக்கோடு ஒப்பிட்டது. பயணிகள் மிகுதியாகப் போகும் வட்டாரங்களில் இரண்டுக்கும் இருந்த ஒட்டுறவு 0.99 வரை வந்தது (1 என்றால் இரண்டும் முழுமையாகச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பொருள்). பயணிகள் குறைந்த வட்டாரங்களில் பொருத்தமும் குறைந்தது. அவ்வழியே கடந்து போகிறவர்களின் சிக்னல் அங்கே கணக்கைக் குழப்பிவிடுகிறது.

ஒரு நிறுவனத்தின் தரவு எப்படி முழு ஊரையும் காட்டும்?

தானாகக் காட்டாது. அந்த நிறுவனத்துக்குச் சந்தையில் எத்தனை பங்கு என்று பார்த்துப் பெருக்குகிறார்கள். வெளிநாட்டு சிம்களுக்கு இந்தப் பெருக்கம் இன்னும் தந்திரமானது, ஏனென்றால் ஒவ்வொரு நாட்டு நிறுவனமும் இங்கே எந்த நிறுவனத்தோடு ரோமிங் ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். ஒப்பந்தம் கை மாறினால் ஒரு நாட்டின் பயணிகளே திடீரென்று மாயமாகிவிட்டதுபோல் தோன்றும்.

குழந்தைகளிடம் செல்போன் இல்லை. சிலரிடம் இரண்டு. குடும்பத்தோடு வெளிநாடு போகும் நம்மவர்கள் செலவுக்கு அஞ்சி ஒரே சிம்முக்கு ரோமிங் போட்டு, மற்றவர்கள் ஹோட்டல் வைஃபையை நம்பியிருப்பதும் வழக்கம்தான்; ஐந்து பேர் ஒருவராகிவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கூடுதல் கட்டணம் 2017 ஜூன் 15 அன்று நீங்கியது. அதற்குமுன் எல்லை தாண்டியதும் இணையத்தை அணைத்துவைத்தவர்கள் பிறகு அணைப்பதை விட்டுவிட்டார்கள். கட்டணப் பதிவுகளை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கோடையில் பயணிகள் பெருகியதுபோல் தெரியும். பெருகியது செல்போன் பயன்பாடு.

எல்லையோர ஊர்களில் என்ன ஆகும்?

தனுஷ்கோடிக்குப் போனவர்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும்: மணல் திட்டில் நிற்கும்போதே ‘இலங்கைக்கு வரவேற்கிறோம்’ என்று குறுஞ்செய்தி வந்து விழும். கடலுக்கு அந்தப் பக்கத்து டவர் வலுவாக இருந்தால் செல்போன் அதைப் பிடித்துக்கொள்கிறது. கொழும்பில் யாராவது ரோமிங் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் அவர்களெல்லாம் இலங்கைக்குப் போன இந்தியப் பயணிகள். எல்லையோரத்தில் சில நிமிடம் மட்டும் தென்படும் சிம்களை வடிகட்டுவது இதனால்தான்.

தலைகீழாக, எல்லையோரத்துக்காகவே இந்தத் தரவை நாடிய நாடும் உண்டு. இந்தோனேசியாவின் புள்ளிவிவர அமைப்பு 2016 அக்டோபர் முதல், குடிவரவுச் சோதனைச் சாவடி இல்லாத எல்லைப் பகுதிகள் வழியாக வரும் அயல்நாட்டவரைக் கணக்கிட செல்போன் தரவைப் பயன்படுத்தியது.

பெயரும் எண்ணும் நீக்கப்பட்டால் என் அந்தரங்கம் பத்திரம்தானே?

இல்லை. ‘பெயரை எடுத்துவிட்டோம்’ என்ற வாக்கியத்தோடு திருப்தியடைந்துவிடாதீர்கள்.

2013இல் வெளியான ஓர் ஆய்வில், 15 மாத காலத்தில் 15 லட்சம் பேரின் செல்போன் நகர்வுகளை ஈவ்-அலெக்ஸாந்தர் தெ மோன்ஜுவா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அலசினார்கள். பெயர் இல்லை, எண் இல்லை. டவரும் நேரமும் மட்டும். ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதில் 4 புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 விழுக்காட்டினரின் தடத்தை மற்ற அனைவருடையதிலிருந்தும் தனியே பிரித்துவிடலாம் என்று கண்டார்கள். நீங்கள் இணையத்தில் போட்ட நான்கு படங்களே அந்த நான்கு புள்ளிகளாகலாம்.

எனவே, பெயர் நீக்கப்பட்ட தனித்தனித் தடங்கள் வேறு. கூட்டித் தொகுத்த எண்கள் வேறு. ‘இந்தப் பகுதியில், காலை 10 முதல் 11 வரை, பிரான்ஸ் சிம்கள் இத்தனை’ என்று மட்டும் நகராட்சிக்குத் தருவது இரண்டாவது வகை. அதிலும் எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் மறைத்துவிட வேண்டும். பின்னிரவில் ஒரு சிற்றூரில் ஒரே ஒரு ஐஸ்லாந்து சிம் இருந்ததென்று அச்சிட்டால் அது புள்ளிவிவரம் ஆகாது, ஒருவரைக் காட்டிக்கொடுப்பதாகும். ஜப்பானின் என்டிடி டொகோமோ நிறுவனம் 2013இல் தொடங்கிய மக்கள்தொகைப் புள்ளிவிவரச் சேவையில் சிறிய எண்களை மறைப்பது முறையின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டது.

ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இதற்குக் கடிவாளம் போடுகிறது. இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. சட்டம் எதுவாயினும், தனித்தடங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சுவருக்குள்ளேயே இருந்து, தொகை மட்டும் வெளியே வர வேண்டும் என்பது என் நிலைப்பாடு. நகராட்சிக்கு அதற்குமேல் தேவை இல்லை.

இத்தனை எண்ணி வெனிஸ் என்ன சாதித்தது?

2024 ஏப்ரல் 25 முதல், தேர்ந்தெடுத்த 29 நாள்களில், பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். ஏறத்தாழ 24 லட்சம் யூரோ வசூலானது. 2025இல் நாள்கள் 54 ஆயின; வருவதற்கு முந்தைய சில நாள்களில்தான் முன்பதிவு செய்கிறவருக்குக் கட்டணம் 10 யூரோ. நகரில் தங்குபவர்களுக்கு இது இல்லை, அவர்கள் பதிவு மட்டும் செய்தால் போதும்.

நெரிசல் குறைந்ததா? கட்டணம் வாங்கிய நாள்களிலும் சந்துகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடந்தார்கள், கட்டணம் கூட்டத்தைக் கலைக்கவில்லை என்று உள்ளூர் எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் படுகிறது. விமானத்துக்கும் ரயிலுக்கும் நூற்றுக்கணக்கில் செலவிட்டு வருபவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போகமாட்டார். 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜுதெக்கா கால்வாய்க்குள் வருவதை 2021 ஆகஸ்டில் தடுத்தார்களே, கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அதில் இருந்தது. அந்த முடிவுக்கு எந்தத் திரையும் தேவைப்படவில்லை. பிரம்மாண்டமான கப்பல் தேவாலயத்தின் பின்னால் நகர்வது எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

தினசரி நிர்வாகத்துக்குத் தரவு உதவும் என்பதை மறுக்கவில்லை. எந்தப் படகுத்துறையில் எந்த நேரம் கூட்டம் சேர்கிறது என்று தெரிந்தால் கூடுதல் படகு விடலாம், குப்பை அள்ளும் நேரத்தை மாற்றலாம், காவலர்களை முன்கூட்டியே நிறுத்தலாம்.

கூட்டத்தின் அளவைத் தவிர வேறு என்ன தெரிய வரும்?

எவ்வளவு நேரம் தங்கினார்கள், எந்த வழியில் வந்து எந்த ஊருக்குப் போனார்கள், மீண்டும் வந்தார்களா, எந்த நாட்டினர் எந்தப் பருவத்தில் வருகிறார்கள் என்பவை தெரியும். இவற்றைவிட எனக்குச் சுவையாகப் படுவது, அவர்கள் போகாத இடங்களின் வரைபடம். நகரம் விளம்பரம் செய்யும் அருங்காட்சியகத் தெருவில் வெளிநாட்டு சிம்மே தென்படவில்லை என்றால் அது சுற்றுலா அலுவலகத்துக்குக் கசப்பான செய்தி; ஆனால் பயனுள்ளது.

எதற்காக வந்தார், எவ்வளவு செலவழித்தார், திருப்தியா என்பதெல்லாம் சிக்னலில் இல்லை. அதற்கு நேரில் கேட்டு எழுதும் கருத்தாய்வுதான் வழி.

நகரின் துடிப்பை இப்படிப் படமாகக் காட்டிய தொடக்க முயற்சிகளில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கார்லோ ராட்டி நடத்தும் ஆய்வகம் 2006 வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் ரோமைப் பற்றி வைத்த படைப்பு பேர்பெற்றது. இத்தாலி உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் வென்ற அன்று ரோம் நகரத்துச் செல்போன் பயன்பாடு எப்படி எழுந்து அடங்கியது என்பதை அதில் காணலாம்.

தமிழகத்திலோ இலங்கையிலோ இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

இலங்கையில் லேர்ன்ஏசியா என்ற ஆய்வு அமைப்பு செல்போன் பதிவுகளைக் கொண்டு கொழும்பின் அன்றாட நகர்வை ஆராய்ந்தது. பகலில் கொழும்பு நகரில் இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளியிலிருந்து வருபவர்கள் என்று அதில் தெரிந்தது. அது சுற்றுலாவுக்காகச் செய்யப்பட்டதன்று, போக்குவரத்துக்கும் நகரத் திட்டமிடலுக்குமானது, முறை ஒன்றே.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் வேறு வழி. வாகனம் மலையேறும் முன் பதிவு செய்ய வேண்டும், சோதனைச் சாவடியில் எண்ணிவிடலாம். எத்தனை வண்டி ஏறியது என்பது இதில் டவரைவிடத் தெளிவாகத் தெரியும். ஏறியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தாவரவியல் பூங்கா வாசலில் நின்றார்களா, பைக்காரா பக்கம் பிரிந்தார்களா என்பதை இ-பாஸ் சொல்லாது. மலைச்சரிவில் டவர்கள் அரிது என்பதால் செல்போன் தரவும் அங்கே தடுமாறும்.

நான் கணக்கில் வராமல் இருக்க முடியுமா?

முடியும். விமானப் பயன்முறையில் வைத்தாலோ அணைத்துவிட்டாலோ டவருக்கு நீங்கள் இல்லை. சில நாடுகளில் நிறுவனத்திடமே விலக்குக் கேட்கும் வசதி உண்டு.

எங்கள் ஊர் நகராட்சி இதை வாங்க யோசிக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

விற்பவர் காட்டும் வண்ண வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: பயணி என்பதற்கான விதி, பெருக்கும் முறை, சிறிய எண்களை மறைக்கும் வரம்பு, இடையில் விதி மாறினால் பழைய ஆண்டுகளுக்கும் திருத்தித் தருவார்களா என்பது. கடைசியை விட்டுவிட்டால் மூன்றாம் ஆண்டில் உங்கள் கையில் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாத மூன்று எண்கள் இருக்கும்.

பிறகு ஒரு திருவிழா நாள், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, ஒரு மழை நாள் ஆகிய மூன்றிலும் ஊரின் குறுகலான ஒரு வாயிலில் ஆள்களை நிறுத்திக் கையால் எண்ணுங்கள். அந்த எண்ணையும் அவர்கள் தரும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் அப்படியே ஒத்துப்போக வேண்டியதில்லை. திருவிழாவுக்கும் செவ்வாய்க்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் வாங்கலாம். கையெழுத்துக்கு முன் இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரை அனுப்பிவிடுங்கள்.